ஆ.வி. கேஸ்

பிப்ரவரி 2 (ஒரு வாசகரின் கேள்வி)
சப்போர்ட் டீம்களில் யூசர் செய்யும் தப்புக்கு எத்தனையோ கிண்டல் பெயர்கள் இருக்கின்றன. பெப்காக், ஐடி-டென்-டி, எட்டாவது லேயர். எல்லாம் இங்கிலீஷ் சரக்கு. தமிழில் ஒன்றாவது உண்டா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 2, இரவு 10.40
இல்லாமல் என்ன. கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு நாள் முன்பே இருக்கிறது. "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்." பெப்காக்கின் பாட்டி இது. மெஷினில் ஒன்றுமில்லை, கோளாறு ஆள்தான் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாராவது சொல்லியிருந்தால் காட்டுங்கள்.

பிப்ரவரி 2, இரவு 11.15
தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக. பெப்காக் என்றால், கீபோர்டுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு பிரச்னை இருக்கிறது என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். நடுவில் யார் இருப்பார்? பிக்னிக்கும் அதே மாதிரிதான்: பிரச்னை நாற்காலியில், கம்ப்யூட்டரில் இல்லை.

எட்டாவது லேயருக்குக் கொஞ்சம் படிப்பு வேண்டும். நெட்வொர்க்கை ஏழு அடுக்காகப் பிரித்து 1984இல் ஐஎஸ்ஓ ஒரு தரநிலை போட்டது. அடியில் கேபிள், உச்சியில் அப்ளிகேஷன். ஏழையும் சோதித்துவிட்டு எதிலும் பழுதில்லை என்றால் பாக்கி இருப்பது உட்கார்ந்திருக்கும் மனுஷன். அவர்தான் எட்டாவது.

ஐடி-டென்-டி ரகம் வேறு. இதை யூசரிடமே சொல்லலாம்: "சார், இது ஐடி-டென்-டி எர்ரர், எழுதி வெச்சுக்கோங்க." அவரும் பவ்யமாக எழுதுவார். ஐ, டி, ஒன்று, சைபர், டி. ஒன்றை ஐ என்றும் சைபரை ஓ என்றும் படித்தால் இடியட். நான் ஒரே ஒருமுறை சொன்னேன். எதிர்முனையில் அவர் எழுதுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சொல்லவில்லை.

பிப்ரவரி 3, காலை 7.50
திருத்தம். மேடை இல்லை, கூடம். "கூடம் கோணல்" என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். மேடை என்று நான் எப்போது மாற்றினேன் தெரியவில்லை. மோனை கூடத்துக்குத்தானே வருகிறது, கூ, கோ.

பிப்ரவரி 3, இரவு 9.20
நாங்களாகவே உருவாக்கியதைச் சொல்லவில்லையே. ஆ.வி.

நான் முதலில் சேர்ந்த ஹெல்ப்டெஸ்கில் ஆறு பேர், ஆறு பேருக்கும் தமிழ் தெரியும். யூசர் பக்கத்துத் தப்பு என்றால் டிக்கெட்டில், அதாவது புகார்ப் பதிவில், அப்படியே எழுத முடியாது, அவருக்கே மெயில் போகும். ஒருத்தன் கண்டுபிடித்தான்: ஆள் விவகாரம், சுருக்கி ஆ.வி. பேசும்போது சௌகரியம். "என்னடா கேஸ்?" "ஆவி புகுந்திருக்கு." "ஓட்டியாச்சா?" "ஓட்டியாச்சு." பக்கத்து டீம் எங்களை மந்திரவாதிகள் என்று நினைத்திருக்கலாம்.

நாலைந்து மாதம் கழித்து மேனேஜர் கேட்டார், இதென்ன ஆ.வி.? அதே ஆள் கண் இமைக்காமல் சொன்னான்: "ஆரம்ப விசாரணை சார்." மேனேஜருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த மாத ரிப்போர்ட்டில் ஒரு தனிப் பத்தி, ஆ.வி. நிலையிலேயே முடிந்தவை. அதற்கடுத்த மாதம் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து பாராட்டு மெயில்: ஆரம்ப விசாரணை சிறப்பாக இருக்கிறது, எல்லா டிக்கெட்டுக்கும் இதைச் செய்யவும்.

பிப்ரவரி 4, காலை 8.05
டிக்கெட் இங்கிலீஷில்தானே போடுவீர்கள் என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். ஆமாம். அதனால் ஒரு விபத்தும் நடந்தது. இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் ஆ.வி. என்பது ஏவி ஆகிவிடும். ஏவி என்றால் ஊர் உலகத்துக்கு ஆன்டிவைரஸ். ராத்திரி ஷிஃப்டில் வந்த புதுப் பையன் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மூன்று மெஷினில் ஆன்டிவைரஸை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டிருந்தான். அதில் ஒன்று காலையில் எழுந்திருக்கவே இல்லை. அது எந்த லேயர் பிரச்னை என்று நீங்களே சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, இரவு 10.10
மற்ற மொழிகளில் என்ன என்று கேட்டவருக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

டென்மார்க்கில் "பிழை 40". கோளாறு திரையிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். திட்டு மாதிரியே இல்லை, ஏதோ சர்வீஸ் மேனுவலில் இருக்கும் நம்பர் மாதிரி இருக்கிறது.

பிரெஞ்சில் "நாற்காலி-கீபோர்டு இன்டர்ஃபேஸ்". இவர்கள் திட்டினாலும் கோட் சூட் போட்டுத்தான் திட்டுவார்கள்.

ஜெர்மனியில் "டாவ்". அணு உலையில் நேரக்கூடியதிலேயே மிகப் பெரிய விபத்துக்கு அங்கே "காவ்" என்று ஒரு சுருக்கம் உண்டு. அதில் விபத்தைத் தூக்கிவிட்டு யூசரை உட்கார வைத்தார்கள்: நினைத்துப் பார்க்கக்கூடியதிலேயே மிக மட்டமான யூசர். இதில் ஒரு தொழில் நுணுக்கமும் இருக்கிறது. எந்த விபத்தைத் தாங்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டுதானே உலையைக் கட்டுகிறார்கள். சாஃப்ட்வேரும் டாவைத் தாங்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டால் இது திட்டே இல்லை, டிசைன் அளவுகோல்.

பிரேசிலில் "பயாஸ் பிரச்னை". கம்ப்யூட்டரை உயிர்ப்பிக்கும் அந்த பயாஸ் இல்லை. சிஸ்டத்தை இயக்கும் அறிவுகெட்ட ஜந்து என்பதன் போர்ச்சுகீசிய முதலெழுத்துகள். ஐடி-டென்-டி மாதிரி இதையும் முகத்துக்கு நேராகவே சொல்லலாம். "பயாஸ் கோளாறு மேடம்." அவரும் பக்கத்து சீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பிப்ரவரி 6, இரவு 10.30
எல்லாவற்றுக்கும் மூத்தது "லூசர்" என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் எம்ஐடியில் ஐடிஎஸ் என்று ஒரு சிஸ்டம் இருந்தது. டெர்மினலில் உட்கார்ந்தால் "14 யூசர்கள்" என்கிற மாதிரி எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும். 1975 வாக்கில் யாரோ அதை "தோற்றவர்கள்" என்று அர்த்தம் வரும் லூசர்கள் ஆக்கிவிட்டார்களாம். சிலருக்குக் கோபம். கொஞ்ச நாள் ஒருவர் மாற்ற இன்னொருவர் திருப்பி மாற்ற, பாதி நேரம் அது, பாதி நேரம் இது. கடைசியில் சமரசமாக இரண்டையும் ஒட்டி ஒரே ஸ்பெல்லிங்கில் போட்டார்கள், அது நிலைத்துவிட்டது. நாம் கண்டுபிடித்தோம் என்று பீற்றிக்கொண்ட ஆவிக்கு இப்படிப் பெரிய தாத்தா இருக்கிறார்.

பிப்ரவரி 9, மதியம் 1.25
சிடி டிரேயைக் கப் வைக்கும் தட்டு என்று நினைத்தவர், "விண்டோவை மூடுங்க" என்றதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தியவர்: இந்த இரண்டையும் தயவுசெய்து இனி யாரும் போட வேண்டாம். கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. பதினாறு வருஷத்தில் எனக்கு ஒரு கப்பும் வரவில்லை, ஒரு ஜன்னலும் வரவில்லை. நிஜமான கேஸ் எல்லாம் ரொம்பச் சப்பை. பிளக் லூஸ், கேப்ஸ் லாக், தப்பான பிரிண்டருக்கு நாற்பது காப்பி. அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, இரவு 9.45
பிளக் என்றதும் ஞாபகம் வந்தது. இதற்கு ஒரு வித்தை இருக்கிறது, எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக்கொடுத்தது. "பிளக் சரியா மாட்டியிருக்கா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் ஆள் குனிந்து பார்க்கவே மாட்டார். "நான் என்ன சின்னப் பிள்ளையா, மாட்டித்தான் இருக்கு" என்பார், கோபமாக. அப்புறம் அரை மணி நேரம் வீண்.

கேட்க வேண்டியது இப்படி: "சார், சில சமயம் பிளக் முனையில தூசி படிஞ்சு கனெக்‌ஷன் விடும். கழற்றி ஒருமுறை துடைச்சிட்டு மாட்டுங்களேன்." போனைக் கீழே வைக்கும் சத்தம். நாற்காலி நகரும் சத்தம். ஒரு முனகல், மேஜைக்கு அடியில் போகிறார். கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. அந்த மௌனத்தில்தான் அவருக்கு விஷயம் தெரிகிறது. திரும்ப வந்து சொல்வார், "ஆமா, நல்ல தூசி. இப்போ ஓடுது." நானும் "அந்த மாடல்ல அது சகஜம் சார்" என்பேன்.

எங்கள் பக்கம் இதற்குத் தூசி கேஸ் என்று பெயர். ஆவியில் ஒரு உட்பிரிவு.

பிப்ரவரி 12, இரவு 11.50
மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று. எழுதிவிடுகிறேன்.

அக்கவுண்ட்ஸில் ஒரு அம்மா இருந்தார், ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கும். போன் பண்ணி, "தம்பி, மூணரை ஆனா இதுக்கு மூச்சு வாங்குது" என்றார். ஃபேன் சத்தத்தைச் சொல்கிறார். போய்ப் பார்த்தேன், காலை பதினொரு மணிக்கு. பஞ்சு மாதிரி ஓடுகிறது. ஆ.வி. என்று எழுதிவிட்டு வந்தேன். இரண்டு நாளில் திரும்பவும் போன். எங்கள் அறையில் அது ஒரு ஜோக்காகவே ஆனது. மூணரை மணிக்கு யாருக்குத்தான் மூச்சு வாங்காது, அதுவும் தூங்கட்டும் விடுங்க. இப்படி மூன்று வாரம்.

அப்புறம் ஒருநாள் நேரிலேயே வந்தார். கையில் ஒரு நோட்டு, கோடு போட்ட லெட்ஜர் நோட்டு. தேதி, ஆரம்பம், முடிவு என்று மூன்று பத்தி. 3.31 முதல் 4.12. 3.30 முதல் 4.15. 3.32 முதல் 4.10. ஞாயிறு மட்டும் காலி. அவர் குறை சொல்லவில்லை, நோட்டை மேஜையில் வைத்து என் பக்கமாகத் திருப்பினார், அவ்வளவுதான்.

அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த செக்‌ஷனின் பதினொரு மெஷினுக்கும் முழு வைரஸ் ஸ்கேன் தினமும் நடுராத்திரி தாண்டி மூணரைக்கு ஓடும்படி போட்டவன் நான்தான். போய்த் திறந்து பார்த்தால், 3.30 இருக்கிறது, பக்கத்து டிராப்-டவுனில் பிஎம். மாற்றாமல் விட்டிருக்கிறேன். மற்ற பத்துப் பேருக்கும் அதே கதிதான். மெஷின் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் எழுந்து ஒரு நடை போய்விட்டு வருவார்களாம். இவர் ஒருத்தர்தான் எழுதி வைத்தார்.

சரி செய்தேன். "யார் தம்பி பண்ணி வெச்சது?" என்றார். "சிஸ்டம்மா" என்றேன்.

கூடம் நிஜமாகவே கோணல். கோணலாகக் கட்டியவன், ஆடத் தெரியவில்லை என்று மூன்று வாரம் சிரித்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 13, காலை 7.30
மூன்று வாரம் என்று எழுதியிருந்தேன். ஐந்து. அந்த நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்திருந்தது, இப்போதுதான் கண்ணுக்குள் வருகிறது.

பிப்ரவரி 15, இரவு 10.00
"அப்படியென்றால் யூசர் தப்பே செய்ய மாட்டாரா" என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். செய்வார், தாராளமாகச் செய்வார். நான் சொல்வது வேறு. கூடம் எவ்வளவு கோணல் என்று பாருங்கள்.

பழைய மெஷின்களில் கீபோர்டு இல்லாமல் ஆன் பண்ணினால் ஒரு செய்தி வரும்: கீபோர்டு கிடைக்கவில்லை, தொடர எஃப்1ஐ அழுத்தவும். எதை வைத்து அழுத்துவது? பழைய ஹெச்பி லேசர் பிரிண்டர்களில் "பிசி லோட் லெட்டர்" என்று வரும். பிசி என்றால் பேப்பர் கேசட்டாம், லெட்டர் என்பது காகித சைஸாம். பேப்பர் தீர்ந்துவிட்டது, வை என்பதற்கு இவ்வளவு சுற்று. பிசியில் ஏதோ லெட்டரை ஏற்றச் சொல்கிறது என்று நினைத்தவரை முட்டாள் என்கிறோம். யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டங்களில் பிரிண்டர் தீப்பிடித்து எரிகிறது என்று ஒரு எர்ரர் மெசேஜ் உண்டு, சும்மா சொல்லவில்லை. லினக்ஸ் அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டது.

"எனி கீ" எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இது கட்டுக்கதை இல்லை, காம்பாக் நிறுவனம் தன் கேள்வி-பதில் பக்கத்திலேயே அப்படி ஒரு கீ கிடையாது என்று பதில் போட்டு வைத்திருந்தது. சிரிக்கலாம். ஆனால் எஸ்கேப், என்டர், டெலீட் என்று ஒவ்வொரு கீயிலும் ஒரு பெயர் அச்சடித்து வைத்துவிட்டு, திரையில் இன்னொரு பெயரைச் சொன்னால் ஆள் தேடத்தானே செய்வார்? தமிழில் "ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும்" என்று வந்தபோது ஒருவர் என்னைக் கேட்டார், "ஏதேனும்னு ஒண்ணும் இல்லையே சார்?" நியாயமான கேள்வி.

பிப்ரவரி 15, இரவு 10.20
பாஸ்வேர்டை விட்டுவிட்டேன். சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுகிறார்கள் என்று எல்லா சப்போர்ட் டீமும் தலையில் அடித்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று, பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து போடு என்று சொன்னது யார்? அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்காக 2003இல் பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டியிலிருந்துதான் இதில் பெரும்பகுதி பரவியது. 2017இல் அவரே ஒரு பேட்டியில், அதில் நிறைய விஷயத்துக்கு இப்போது வருந்துகிறேன் என்றார். அதே வருஷம் நிஸ்ட்டும் காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதே என்று புது வழிகாட்டி கொடுத்தது. பதினான்கு வருஷம் சீட்டு ஒட்டியவர்களுக்கெல்லாம் ஆ.வி. எழுதியாகிவிட்டது.

பிப்ரவரி 18, மதியம் 2.10
கேப்ஸ் லாக்குக்கு ஒரு தம்பி இருக்கிறான், நம் லாக், அதாவது நம்பர் லாக். சின்ன லேப்டாப்களில் அது ஆன் ஆகிவிட்டால் வலது கைப் பக்கத்து எழுத்துகள் எண்ணாகிவிடும். யூ 4, ஐ 5, ஓ 6. பாஸ்வேர்டு பெட்டியில் வெறும் புள்ளிதான் தெரியும், அடிக்கிறவருக்கே என்ன விழுகிறது என்று தெரியாது. "நேத்து வரைக்கும் இதே பாஸ்வேர்டுதான்" என்று சத்தியம் செய்வார், அதுவும் உண்மைதான். பாஸ்வேர்டைப் பெயர்ப் பெட்டியில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு 5 நிற்கும். அழித்துவிடச் சொல்ல மறக்காதீர்கள், நான் ஒருமுறை மறந்தேன்.

பிப்ரவரி 20, இரவு 11.10
கம்ப்யூட்டர் காலத்துக் கதை மட்டும்தானா என்றால், இல்லை. விமானக்காரர்களிடமும் உண்டு: ஹெட்செட்டின் இரண்டு காதுக்கும் நடுவில் ஷார்ட் சர்க்யூட். கார்க்காரர்களிடம்: ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு நட் லூஸ்.

விமானம் என்றதும் பி-17 ஞாபகம் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சு விமானம். பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, இறக்கையில் இருக்கும் ஃபிளாப்பை மடிக்க வேண்டிய விமானி சக்கரத்தை மடித்துவிடுவார். வண்டி வயிறு தரையில் தேய உட்கார்ந்துவிடும். விமானி தப்பு, விமானி தப்பு என்று ஃபைல் சேர்ந்துகொண்டிருந்தது. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியல்காரர் காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், அச்சு அசலாக ஒரே மாதிரி. சக்கரத்துக்கு உருண்டையாகச் சின்ன ரப்பர் சக்கரம், ஃபிளாப்புக்கு ஆப்பு வடிவில் ஒரு துண்டு மாட்டச் சொன்னார். கை தடவினாலே தெரியும். அந்தத் தப்பு நின்றது.

அந்த அம்மாவின் நோட்டும் எனக்கு இந்த ரப்பர் சக்கரமும் ஒன்றாகத்தான் வந்து நிற்கின்றன.

பிப்ரவரி 20, இரவு 11.25
"இதெல்லாம் யூசருக்கு, நாங்கள் அட்மின்கள், எங்களுக்கு வராது" என்று எழுதியவருக்கு: 2017 ஜனவரி 31. புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் ராத்திரி வேலை பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர் காலி செய்ய நினைத்தது ஒரு சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை, காலி செய்தது இன்னொன்றின் ஃபோல்டரை. சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5. பேக்கப் முறைகள் ஐந்து இருந்தன, ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. அவர்கள் ஆளைத் திட்டாமல் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினார்கள், மீட்பு வேலையை நேரலையாகவே காட்டினார்கள். நாங்கள் என்ன எழுதியிருப்போம்? ஆரம்ப விசாரணை நடக்கிறது என்று.

பிப்ரவரி 27, இரவு 8.30
ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை, வீட்டில் நெட் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஞாயிறு காலை ரவுட்டரில் ஒரு லைட்டும் இல்லை. செத்துப்போச்சு என்று முடிவு பண்ணிவிட்டேன். பதினாறு வருஷ அனுபவம், பார்த்தாலே தெரியாதா. நாலு நாள் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினேன், புது ரவுட்டருக்கு எந்த மாடல் என்று ஒரு பட்டியலே போட்டேன். ஐந்தாம் நாள்தான் கஸ்டமர் கேருக்கு அடித்தேன், கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்கி வைப்போம் என்று. எடுத்தது சின்னப் பையன், குரல் இன்னும் உடையக்கூட இல்லை. நான் பவர் அடாப்டர் வோல்டேஜ், ஃபர்ம்வேர் என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"புரியுது சார். சில சமயம் அடாப்டர் முனையில தூசி படிஞ்சு கனெக்‌ஷன் விடும். ஒருமுறை கழற்றித் துடைச்சிட்டு மாட்டிப் பாக்குறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. போனைக் கீழே வைத்தேன். நாற்காலியை நகர்த்தி, அலமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். அடாப்டர் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, சனிக்கிழமை பெருக்கும்போது நானே தட்டிவிட்டிருக்கிறேன். அழுத்தினேன். பச்சை லைட் வந்தது. போனை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"என்ன சார், இருந்துச்சா?"

"ஆமா தம்பி. நல்ல தூசி."

"அந்த மாடல்ல அது சகஜம் சார்."